இருபத்து நான்கு மணி பத்து நிமிடம்: ஓர் அவார்ட் டிக்கெட்டின் வழித்தட ஆய்வு

லண்டனிலிருந்து ஆக்லாந்துக்கு ஒருவழிப் பயணம், பிசினஸ் வகுப்பு, இரண்டு இருக்கைகள், நவம்பர் நடுவில் எந்த நாளானாலும் சம்மதம், வழியில் டோக்கியோவில் ஒரு நாள் சுற்றிப் பார்க்க முடிந்தால் நல்லது: எனக்குத் தெரிந்த ஒரு தம்பதியர் என்னிடம் கேட்டது இவ்வளவுதான். காசு கொடுத்து வாங்கும் டிக்கெட்டாக இருந்தால் இது அரை மணி நேர வேலை. அவர்களிடம் இருந்ததோ ஒரு விமான நிறுவனத்தின் மைலேஜ் திட்டத்தில் பல ஆண்டுகளாகச் சேர்த்த புள்ளிகள். காசுக்குப் பதில் அப்படிப் புள்ளிகளைக் கொடுத்து வாங்குவதுதான் அவார்ட் டிக்கெட். அந்த நிறுவனம் இந்தப் பாதையில் தன் சொந்த விமானங்களை இயக்குவதில்லை என்பதால், பயணம் முழுவதையும் கூட்டணியிலுள்ள பிற நிறுவனங்களின் விமானங்களைக் கொண்டே அமைக்க வேண்டியிருந்தது. டிக்கெட் எப்படி அமைந்தது, ஏழு மாதங்களுக்குப் பிறகு எப்படிக் கலையப் பார்த்தது, எந்த ஒரு சொல்லால் அது காப்பாற்றப்பட்டது என்பதை இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன். திட்டத்தின் பெயரையும் பறந்த நிறுவனங்களின் பெயர்களையும் குறிப்பிடவில்லை; இதே சிக்கல் எந்தக் கூட்டணியிலும் எந்தத் திட்டத்திலும் வரக்கூடியதே.

எழுத்தில் இருந்த விதிகள்

திட்டத்தின் நிபந்தனைகளில் வழித்தடத்தைப் பற்றி ஐந்து விதிகள் இருந்தன. பறக்கும் மொத்த மைல்கள், புறப்படும் ஊருக்கும் சேரும் ஊருக்கும் இடையிலான நேர்தூரத்தில் 125 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒருவழிக்கு நான்கு செக்டர்களுக்கு, அதாவது நான்கு தனித்தனி விமானப் பயணத் துண்டுகளுக்கு, மேல் கூடாது. எந்த ஊரிலும் காத்திருப்பு 24 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அது ஸ்டாப்ஓவர், ஒருவழி அவார்டில் ஸ்டாப்ஓவர் கிடையாது. புறப்படும் மண்டலமும் சேரும் மண்டலமும் அல்லாத மூன்றாவது மண்டலம் ஒன்றின் வழியாகப் போவதென்றால், அந்த மண்டலம் அனுமதிப் பட்டியலில் இருக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து ஓசியானியாவுக்குப் போகிறவர் ஆசியா, மத்திய கிழக்கு ஆகியவற்றின் வழியாகப் போகலாம், அமெரிக்கக் கண்டங்களின் வழியாகப் போகக் கூடாது. ஒரே ஊரை இரண்டு முறை தொடக் கூடாது.

இவற்றில் பல, காசு கொடுத்து வாங்கும் டிக்கெட்டுகளின் கட்டண விதிகளிலிருந்து இறங்கி வந்தவை. விமான நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாட்டாவின் மைல் கணக்கு முறையில் ஒவ்வொரு இரண்டு ஊர்களுக்கும் இடையே 'அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச மைல்' என்று ஓர் எண் உண்டு. பயண முகவர்கள் அதை எம்பிஎம் என்பார்கள். பொதுவாக அது நேரடித் தூரத்தைவிட 20 சதவீதம் அதிகம். அந்த எல்லைக்குள் எத்தனை ஊர்களில் இறங்கி ஏறினாலும் கட்டணம் மாறாது. தாண்டினால் 5, 10, 15, 20, 25 சதவீதம் என்று படிப்படியாகக் கட்டணம் கூடும். அதற்கும் மேலே போனால் பயணத்தை இரண்டாக உடைத்துக் கணக்கிட வேண்டும். இதோடு திசைக் குறியீடும் சேர்ந்துகொள்கிறது. அட்லான்டிக் வழி, பசிபிக் வழி, கிழக்கு அரைக்கோள வழி என்று ஒவ்வொரு திசைக்கும் தனிக் குறியீடு உண்டு. ஒரே இரண்டு ஊர்களுக்கு இடையே திசைக்கு ஒரு எம்பிஎம் இருக்கலாம். அவார்ட் திட்டங்களின் 'மூன்றாம் மண்டல' விதிக்கு நெருங்கிய உறவு இந்தத் திசைக் குறியீடுதான் என்பது என் கணிப்பு. 24 மணி நேர வரம்பும் பன்னாட்டுக் கட்டணங்களில் இணைப்பையும் ஸ்டாப்ஓவரையும் பிரிக்கிற அதே கோடு.

எல்லாத் திட்டங்களும் இப்படி இல்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஏவியாஸ் முறை 2011 முதல் ஒவ்வொரு செக்டரையும் அதன் தூரத்துக்கேற்பத் தனித்தனியாக விலையிட்டுக் கூட்டி வந்திருப்பதால், அங்கே சுற்றிப் போவதற்குத் தடையை விடச் செலவுதான் காவல். ஏர் கனடாவின் ஏரோபிளான் 2020 நவம்பரில் மாற்றியமைக்கப்பட்டபோது மண்டலத்தையும் பறக்கும் தூரத்தையும் சேர்த்து விலையிட்டது. கூடுதலாக 5,000 புள்ளிகள் கொடுத்தால் ஒருவழிப் பயணத்திலேயே ஒரு ஸ்டாப்ஓவர் வைத்துக்கொள்ளலாம் என்றும் வைத்தது. டெல்டா 2015இலும் யுனைடெட் 2019இலும் எந்தப் பயணத்துக்கு எத்தனை புள்ளி என்று சொல்லும் தங்கள் அவார்ட் அட்டவணைகளை எடுத்துவிட்டன. அட்டவணை போனாலும் வழித்தட விதி போய்விடவில்லை. அது கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குக் குடிபெயர்ந்தது, அவ்வளவுதான். விலை வராமல் பிழைச் செய்தி வரும்போதுதான் அப்படி ஒரு விதி இருப்பதே பயணிக்குத் தெரியவருகிறது.

எந்தத் திசையிலும் ஏறத்தாழ ஒரே தூரம்

லண்டனும் ஆக்லாந்தும் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. நேர்தூரம் சுமார் 11,400 மைல். 125 சதவீதம் என்றால் 14,250. இப்படி எதிர்முனைக்கு அருகில் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு: எந்தத் திசையில் புறப்பட்டாலும் தூரம் பெரிதாகக் கூடுவதில்லை. சிங்கப்பூர் வழியாகப் போனால் சுமார் 11,990 மைல், லாஸ் ஏஞ்சல்ஸ் வழியாகப் போனால் சுமார் 11,970. ஒன்று கிழக்கே, மற்றொன்று மேற்கே; வேறுபாடு இருபது மைல். டோக்கியோ, சிட்னி என்று இரண்டு இடங்களில் இறங்கி ஏறினாலும், 5,970, 4,860, 1,340 என்ற மூன்று துண்டுகளையும் கூட்டினால் 12,170 மைல்தான் வருகிறது. நேர்தூரத்தைவிட ஏழு சதவீதம்கூட அதிகமில்லை.

ஆகவே இந்தப் பயணத்தில் தூர விதி பெயருக்குத்தான் இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்கும் ஆவலில் டோக்கியோ, ஹொனலூலு வழியாக ஒரு கணக்குப் போட்டேன். சுமார் 14,220 மைல் வந்தது. எல்லைக்குள் நூலிழையில் நிற்கிற அந்த வழி, ஹவாய் அனுமதிப் பட்டியலில் இல்லாததால் மண்டல விதியில் விழுந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் வழியும் அதே இடத்தில்தான் விழுந்தது. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஆக்லாந்துக்கு அந்த வாரத்தில் இரண்டு அவார்ட் இருக்கைகள் திறந்து கிடந்தன; லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் கிடைத்தன. இரண்டு செக்டரில் முடிந்திருக்க வேண்டிய பயணம், தூரமும் டோக்கியோ வழியைவிடக் குறைவு, ஆனாலும் செல்லாது. தூரத்தை மட்டும் அளந்து பார்த்து 'வழி சரியாகத்தான் இருக்கிறது' என்று முடிவு செய்கிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

இங்கே கணக்கில் வருவது ஊர்களுக்கு இடையே நிர்ணயிக்கப்பட்ட மைல். விமானம் உண்மையில் பறந்த பாதை கணக்கில் வராது. 2022 பிப்ரவரிக்குப் பிறகு பிரிட்டிஷ், ஜப்பானிய நிறுவனங்கள் ரஷ்ய வான்வெளியைத் தவிர்ப்பதால், லண்டன்–டோக்கியோ விமானங்கள் தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ வடக்கே துருவத்தை ஒட்டியோ நெடுந்தூரம் சுற்றிப் போகின்றன. பயண நேரம் இரண்டு மணிக்கும் மேல் கூடியது. விதிக்கான மைலில் ஒன்றுகூடக் கூடவில்லை.

இருக்கை தேடியது

திட்டத்தின் இணையதளத்தில் லண்டன்–ஆக்லாந்து என்று நேராகத் தேடியபோது ஒன்றும் வரவில்லை. இதில் வியப்பில்லை. தேடுபொறி தனக்குக் கொடுக்கப்பட்ட சில இணைப்பு நகரங்களை மட்டுமே கோத்துப் பார்க்கிறது. குறைந்த நேர இணைப்புகளைத் தேர்ந்தெடுத்து, இரவு தங்கிப் போகும் இணைப்புகளைப் பெரும்பாலும் கழித்துவிடுகிறது. தேடுபொறி காட்டவில்லை என்பதற்கு விதி அனுமதிக்கவில்லை என்று பொருளில்லை. இதைத் தம்பதியருக்கு மூன்று முறை விளக்க வேண்டியிருந்தது. பின்னர் தொலைபேசியில் முதல் ஏஜெண்டுக்கும் விளக்க வேண்டியிருந்தது.

ஒவ்வொரு செக்டராகத் தேடியபோது நிலைமை தெளிவானது. டோக்கியோவுக்கும் சிட்னிக்கும் பறக்கும் ஒரு நிறுவனம், லண்டன்–டோக்கியோ மட்டும் கேட்டால் இடமில்லை என்றது. லண்டன்–சிட்னி என்று முழுதாகக் கேட்டால், அதே லண்டன்–டோக்கியோ விமானத்தில் இரண்டு இருக்கைகளைக் காட்டியது. இதைத் துறையில் 'மேரீட் செக்மென்ட்' என்கிறார்கள். நெடுந்தூரப் பயணிக்காக ஒதுக்கிய இடத்தை இடையில் இறங்குகிறவர் எடுத்துக்கொள்ளாதபடி, இரண்டு செக்டர்களுக்கும் கால்கட்டுப் போட்டு விற்கும் முறை இது. கட்டை அவிழ்த்தால் இடம் மறைந்துவிடும். அந்தக் கட்டில் டோக்கியோவில் இரண்டரை மணி நேரம்தான் கிடைத்தது. ஊரைச் சுற்றிப் பார்க்க வழியில்லை.

ஆகவே இரண்டு செக்டர்களுக்கும் இரண்டு வேறு நிறுவனங்களைத் தேடினேன். வெவ்வேறு நிறுவனங்களின் செக்டர்களுக்குள் இந்தக் கால்கட்டு பொதுவாக வருவதில்லை. முதல் நிறுவனம் லண்டனிலிருந்து ஹனேடா விமான நிலையத்துக்கு மாலை 19.20க்கு வந்து சேர்ந்தது. இரண்டாவது நிறுவனம் மறுநாள் 19.05க்கு நரிட்டாவிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்டது. இடைவெளி 23 மணி 45 நிமிடம். சிட்னியில் காலை இறங்கி, மூன்றாவது நிறுவனத்தில் ஆக்லாந்து. மூன்று செக்டர், மூன்று நிறுவனம், 12,170 மைல், அனுமதிக்கப்பட்ட திசை. இறங்கும் விமான நிலையமும் ஏறும் விமான நிலையமும் வேறாக இருந்தாலும், இரண்டும் டோக்கியோ என்ற ஒரே ஊரின் குறியீட்டில் அடங்குவதால் விதியின் கண்ணில் இது ஓர் இணைப்புதான். ஒரு நிலையத்திலிருந்து மற்றொன்றுக்குப் போவது பயணியின் பொறுப்பு.

பதினைந்து நிமிட இடைவெளிதான் மிச்சம் என்பது அப்போதே என் கண்ணில் பட்டது. முந்தைய நாள் இதே பாதையில் 21 மணி நேர இணைப்பு ஒன்றும் இருந்தது. கூடுதலாக மூன்று மணி நேரம் கிடைக்கிறதே என்ற ஆசையில் இதைத் தேர்ந்தெடுத்தோம். அந்த முடிவில் எனக்கும் பங்கு உண்டு.

தொலைபேசியில்

முதல் ஏஜெண்ட், "சிஸ்டம் அந்த வழியைக் காட்டவில்லை சார், அதனால் முடியாது" என்றார். மூன்று கூட்டாளி நிறுவனங்களை ஒரே டிக்கெட்டில் சேர்க்க முடியாது என்றும் சொன்னார். நிபந்தனைகளில் அப்படி ஒரு வரி இல்லை. கூட்டாளி ஒருவரை மட்டுமே ஒரு பயணத்தில் அனுமதிக்கும் திட்டங்களும் உண்டு என்பதால், வேறெங்கோ கேட்ட விதியை அவர் இங்கே பொருத்தியிருக்கலாம். நன்றி சொல்லி வைத்துவிட்டு, மறுநாள் மீண்டும் அழைத்தேன்.

இரண்டாவது ஏஜெண்ட் ஒவ்வொரு செக்டரையும் விமான எண், தேதி, அவார்டுக்கான புக்கிங் வகுப்பு ஆகியவற்றைச் சொல்லச் சொல்லிக் கையால் உள்ளிட்டார். கூட்டாளி நிறுவனத்துக்குக் கோரிக்கை போகும்போது பிஎன்ஆரில், அதாவது முன்பதிவின் பதிவேட்டில், அந்த வரி 'என்என்' என்று நிற்கும். அவர்கள் ஒப்புக்கொண்டால் 'கேகே' என்று பதில் வந்து, பிறகு 'எச்கே' என உறுதியாகும். முதல் இரண்டு வரிகளும் சில நொடிகளில் எச்கே ஆயின. மூன்றாவது வரிக்கு 'யூசி' வந்தது: தர இயலாது. இணையதளம் காட்டிய இருக்கை அங்கே உண்மையில் இல்லை. கூட்டாளியின் இருப்பைத் திட்டத்தின் தளம் அவ்வப்போது நகலெடுத்து வைத்துக்கொள்வதால் இப்படிப் பேய் இருக்கைகள் தோன்றுவது வாடிக்கை. இரண்டு மணி நேரம் தள்ளிப் புறப்படும் அடுத்த விமானத்தில், எகானமி வகுப்பில், இடம் கிடைத்தது. மூன்று மணி நேரப் பயணம் என்பதால் தம்பதியர் சம்மதித்தார்கள். திட்டம் முழுப் பயணத்துக்கும் பிசினஸ் புள்ளிகளையே எடுத்துக்கொண்டது.

விலையிடும்போது 'செல்லாத வழித்தடம்' என்று வந்தது. ஏஜெண்ட் அங்கேயே கைவிடவில்லை. கோப்பை ரேட் டெஸ்க் எனப்படும் கட்டணப் பிரிவுக்கு அனுப்பினார். காரணம் மறுநாள் தெரிந்தது. திட்டத்தின் உள் அட்டவணையில் ஜப்பான் ஆசியாவிலிருந்து பிரிக்கப்பட்ட தனி மண்டலம். பயணிகளுக்கு வெளியிட்ட அனுமதிப் பட்டியலிலோ 'ஆசியா' என்று மட்டும் இருந்தது. கணினி ஜப்பானை ஆசியாவாகக் கருதவில்லை. வெளியிட்ட சொல்லே செல்லும் என்று கட்டணப் பிரிவு முடிவெடுத்துக் கையால் விலையிட்டது. ஒரே விதி மூன்று இடங்களில் மூன்று உருவத்தில் இருந்ததை இங்கே பார்க்கலாம்: நிபந்தனைப் பக்கத்தில் ஒன்று, விலையிடும் கணினியில் ஒன்று, ஏஜெண்டின் நினைவில் ஒன்று.

டிக்கெட் கைக்கு வந்ததும் இரண்டு சரிபார்ப்புகள் செய்தேன். ஒன்று, மூன்று நிறுவனங்களின் தனித்தனி பிஎன்ஆர் எண்களைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் டிக்கெட் எண் பதிந்திருக்கிறதா என்று பார்த்தது. டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் அதை வெளியிட்ட நிறுவனத்தைக் குறிப்பவை. பறக்கும் நிறுவனத்தின் பதிவில் அந்த எண் ஏறாவிட்டால், உறுதியான இருக்கைகூடச் சில நாள்களில் ரத்தாகிவிடும். மற்றொன்று, வரிப் பட்டியல். லண்டனிலிருந்து புறப்படுவதால் பிரிட்டனின் விமானப் பயணி வரி இருந்தது; அவார்ட் டிக்கெட்டுக்கும் அதிலிருந்து தப்ப முடியாது. ஜப்பான் 2019 ஜனவரி முதல் நாட்டைவிட்டு வெளியேறுகிறவர்களிடம் வசூலிக்கும் சுற்றுலா வரி அதில் இல்லை. வந்து 24 மணி நேரத்துக்குள் வெளியேறும் இணைப்புப் பயணிகளுக்கு அந்த வரியிலிருந்து விலக்கு உண்டு. கணினி இதை இணைப்பாகவே கருதுகிறது என்பதற்கு அந்த இல்லாத வரி ஒரு நல்ல சாட்சி.

இருபத்தைந்து நிமிடம் முன்னதாக

டிக்கெட் எடுத்தது டிசம்பரில். பயணம் அடுத்த நவம்பரில். விமான அட்டவணைகள் உலகெங்கும் இரண்டு பருவங்களாக வெளிவருகின்றன: மார்ச் கடைசி ஞாயிறு முதல் கோடைப் பருவம், அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் குளிர்காலப் பருவம். பதினோரு மாதம் முன்னரே திறக்கப்படும் விமானங்கள் பெரும்பாலும் பழைய பருவத்தின் நேரத்தையே தற்காலிகமாகச் சுமந்துகொண்டிருக்கும்; விமான நிலையங்களில் புறப்பாட்டு நேரங்கள் ஒதுக்கப்பட்ட பின்னர்தான் உண்மையான நேரம் வரும். ஆகவே அவ்வளவு முன்னதாக எடுக்கும் டிக்கெட்டில் நேர மாற்றம் வருவது ஏறக்குறைய நிச்சயம்.

ஜூலையில் அது வந்தது. லண்டன் விமானம் ஹனேடாவுக்கு 19.20க்கு பதில் 18.55க்கு வந்து சேரும் என்று மின்னஞ்சல் வந்தது. சீக்கிரம் போய்ச் சேர்கிறோம் என்று தம்பதியர் மகிழ்ந்தார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 18.55 முதல் மறுநாள் 19.05 வரை, 24 மணி 10 நிமிடம்.

மாற்றத்தை ஏற்றுக்கொள்வதாகச் சொல்ல அழைத்தபோது, ஏஜெண்ட் டிக்கெட்டை ரீஇஷ்யூ செய்ய, அதாவது புதிய எண்ணில் மறுபடி வெளியிட, முயன்றார், கணினி மறுத்தது. டோக்கியோவில் ஸ்டாப்ஓவர் இருப்பதாகவும், ஒருவழி அவார்டில் அது செல்லாது என்றும், லண்டன்–டோக்கியோ ஓர் அவார்ட், டோக்கியோ–ஆக்லாந்து மற்றோர் அவார்ட் என்று பிரித்துப் புதிதாகப் புள்ளிகள் செலுத்த வேண்டும் என்றும், வேண்டாமென்றால் முழுவதையும் ரத்து செய்து புள்ளிகளைத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். அவர் படித்துக்காட்டிய புதிய விலைப் பட்டியலில் ஜப்பானின் சுற்றுலா வரியும் தலைகாட்டியிருந்தது. கணினியைப் பொறுத்தவரை இந்தப் பயணம் இனி முற்றிலும் வேறு பயணம்.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் 'மாற்றியது நீங்கள்தானே' என்று வாதிடுவார்கள். அது நியாயமான வாதம். நிறுவனத்தின் செயலால் நேர்ந்த மாற்றத்தைத் துறையில் 'இன்வாலன்டரி' என்று தனியாக வகைப்படுத்துகிறார்கள்; பயணி தானாகக் கேட்கும் மாற்றத்துக்கான கட்டணமும் மறுவிலையும் அதற்குப் பொருந்தாது. நானும் அதைச் சொன்னேன். ஏஜெண்ட் மறுக்கவில்லை, அனுதாபத்தோடு கேட்டார், ஆனால் கணினி விடவில்லை என்றார். அவர் பொய் சொல்லவும் இல்லை. ரீஇஷ்யூ என்ற கதவைத் தட்டினால் வழித்தட விதி ஓடி வந்து மறுபடி சோதிக்கும். மாற்றத்துக்கு யார் காரணம் என்பது அந்தச் சோதனைக்குத் தெரியாது.

தட்ட வேண்டிய கதவு வேறு. டிக்கெட்டில் ஒவ்வொரு செக்டருக்கும் ஒரு கூப்பன் உண்டு. அதில் விமான எண், தேதி, நேரம், வகுப்பு, நிலை ஆகியவை பதிந்திருக்கும். ஊர்களும் வகுப்பும் மாறாமல் விமானத்தின் விவரம் மட்டும் மாறும்போது, புதிய டிக்கெட் எண் இல்லாமலே, பழைய கூப்பனில் அந்த விவரத்தை மட்டும் திருத்தலாம். இதற்கு ரீவாலிடேஷன் என்று பெயர். இதில் விலைக் கணக்கு தொடப்படுவதில்லை. விலைக் கணக்கு தொடப்படாவிட்டால் வழித்தடச் சோதனைக்கும் வேலையில்லை. எங்கள் நிகழ்வில் விமான எண் அதே, தேதி அதே, வகுப்பு அதே; மாறியது நேரம் மட்டும். பிஎன்ஆரில் அந்த வரி 'டிகே' என்று, அதாவது நேரம் மாறிய உறுதி இருக்கையாக, ஒப்புதலுக்குக் காத்திருந்தது. அதை எச்கே ஆக்கிக் கூப்பனை ரீவாலிடேட் செய்தால் போதும்.

அந்த அழைப்பிலேயே இது எனக்குத் தோன்றவில்லை. மாலையில் பிஎன்ஆர் விவரத்தை மீண்டும் பார்த்தபோதுதான், பழைய டிக்கெட் எண் அப்படியே உயிரோடு இருப்பதும், டிகே வரி தொடப்படாமல் நிற்பதும் கண்ணில் பட்டன. காலையில் ஏஜெண்ட் ஆர்வக்கோளாறில் பழைய டிக்கெட்டை மாற்றத்துக்குத் திறந்து புள்ளிகளைத் திருப்பியிருந்தால், திரும்ப வழியே இருந்திருக்காது. 'நான் யோசித்துவிட்டு அழைக்கிறேன், எதையும் ரத்து செய்ய வேண்டாம், பதிவில் எதையும் தொட வேண்டாம்' என்று சொல்லி வைத்தது நல்லதாகப் போயிற்று.

மறுநாள் வேறொரு ஏஜெண்ட் கிடைத்தார். இந்த முறை வழித்தடம், ஸ்டாப்ஓவர், 24 மணி நேரம் என்று எதையும் நான் எடுக்கவில்லை. "மேடம், முதல் செக்டரில் நேரம் மட்டும் மாறியிருக்கிறது, விமான எண்ணும் தேதியும் அதேதான், டிகே வரியை ஏற்றுக்கொண்டு கூப்பனை ரீவாலிடேட் செய்து தர முடியுமா?" என்று மட்டும் கேட்டேன். இரண்டு நிமிடம் விசைப்பலகை ஓசை கேட்டது. "செய்துவிட்டேன் சார், டிக்கெட் எண் மாறவில்லை, வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்றார்.

கேள்வியை மறைத்துக் கேட்டதாக இதைச் சிலர் குறை சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வழித்தட விதி டிக்கெட் வெளியான நாளில் பொருந்தியது. அதற்குப் பிறகு பயணி எதையும் கேட்கவில்லை. நிறுவனம் நேரத்தை நகர்த்தியதால் விதியும் நகர்ந்து பயணியின் மேல் விழ வேண்டும் என்று எந்த நிபந்தனையிலும் எழுதியிருக்கவில்லை. முந்தைய நாள் ஏஜெண்ட் தேர்ந்தெடுத்த கருவி தவறானது. நான் சரியான கருவியின் பெயரைச் சொன்னேன். பெயர் தெரியாத பயணி அந்த இரண்டு நிமிட வேலைக்குப் பதிலாக இன்னொரு அவார்டுக்கான புள்ளிகளைக் கொடுத்திருப்பார் என்பதுதான் இதில் உறுத்துகிறது.

மீதிக் கட்டம்

செப்டம்பரில் இன்னொரு மாற்றம் வந்தது: சிட்னியிலிருந்து புறப்படும் விமானத்தின் எண்ணும் நேரமும் மாறின. இது உண்மையிலேயே ரீஇஷ்யூ தேவைப்படும் மாற்றம் என்று ஏஜெண்ட் சொன்னபோது, கட்டணப் பிரிவிடம் கொடுத்து 'இன்வாலன்டரி' குறிப்போடு, பழைய விலைக் கணக்கை அப்படியே நகலெடுத்துச் செய்யச் சொன்னேன். தானியங்கி விலையை நாடியிருந்தால் டோக்கியோவின் பத்து நிமிடம் மறுபடி முளைத்திருக்கும். மூன்று நாள்கள் பிடித்தன. புதிய டிக்கெட்டில் புள்ளியும் வரியும் மாறவில்லை. இடையில் கணவர், டோக்கியோவிலிருந்து அன்றிரவே பிந்திப் புறப்படும் விமானத்துக்கு மாறிக்கொள்ளலாமா, இன்னும் மூன்று மணி நேரம் கிடைக்குமே என்று கேட்டார். அது பயணி கேட்கும் மாற்றம்; கேட்ட கணமே முழு விதியும் விழித்துக்கொள்ளும். வேண்டாம் என்றேன்.

லண்டனில் பெட்டிகளுக்கு ஹனேடா வரைதான் சீட்டு ஒட்டினார்கள். வேறு நிலையத்திலிருந்து புறப்படுவதால் பெட்டிகளை எடுத்துக்கொண்டு ஜப்பானுக்குள் நுழைந்தே தீர வேண்டியிருந்தது. நுழைவு அனுமதி இல்லாதவருக்கு, வழித்தட விதி முழுமையாக அனுமதித்தாலும் இந்தப் பயணம் நடந்திருக்காது. விசாவை விலையிடும் கணினி பார்ப்பதில்லை, செக்-இன் மேசையில்தான் பார்க்கிறார்கள். தம்பதியருக்கு அதில் தடையிருக்கவில்லை.

அன்று லண்டனில் புறப்பாடு சற்றுத் தாமதமாயிற்று. 18.55க்குச் சேர வேண்டிய விமானம் ஹனேடாவில் 19.31க்குத் தரையிறங்கியது. மறுநாள் நரிட்டாவிலிருந்து சிட்னி விமானம் சரியாக 19.05க்கு நகர்ந்தது. டோக்கியோவில் அவர்கள் உண்மையில் இருந்தது 23 மணி 34 நிமிடம்.